இரத்தம் சோதிக்கும் நீரைத் தயாரிப்பவர்கள்

(எங்கள் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா மேடையில் பேச வருகிறவர்கள் பிள்ளைகளைப் பார்த்து, "நீங்கள் டாக்டராக வேண்டும், வழக்கறிஞராக வேண்டும், எஞ்சினியராக வேண்டும்" என்று வாழ்த்திவிட்டுப் போவது வழக்கம். வாழ்த்து நல்லதுதான். ஆனால் அந்த மூன்று வேலையைத் தவிர வேறு எந்த வேலையின் பெயரும் நம் பிள்ளைகளின் காதில் விழுவதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஆகவே தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, இன்று ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். அது பெரிய வேலை அல்ல. படித்து முடித்தவுடன் கிடைக்கும் முதல் வேலை. இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கும் மருந்து நீரைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் இளநிலை கெமிஸ்ட் வேலை.

கெமிஸ்ட் என்றதும் மருந்துக் கடைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வேறு. இவர் வேதியியல் படித்தவர். சோதனைக்கான இந்த நீரை அந்தத் தொழிற்சாலைகளில் 'ரீஏஜென்ட்' என்கிறார்கள். தமிழில் வினைபொருள் என்று சொல்லலாம். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரென்றால், நம் பள்ளியில் இதே மண்டபத்தில் தரையில் உட்கார்ந்து படித்த ஒரு பெண். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக் கொண்டாள். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். பாட்டி பால் மரம் வெட்டியவர். இன்று அவள் அப்படி ஒரு தொழிற்சாலையில் நான்காவது ஆண்டாக வேலை செய்கிறாள். தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது மூன்று மாலை நேரம் அவளை உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். "சார், நீங்க பரீட்சை வைக்கிற மாதிரி கேக்கறீங்களே" என்று சிரித்தாள்.

உங்களில் எத்தனை பேர் கிளினிக்கில் இனிப்புநீருக்கு இரத்தம் கொடுத்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், மனத்துக்குள் எண்ணிக் கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் மூன்று பேர். இந்த நாட்டில் வேறு எந்த இனத்தாருக்கும் அவ்வளவு இல்லை. எனவே இது யாரோ ஊரார் விஷயம் அல்ல. நம் லயத்து விஷயம்.

கிளினிக்கில் கையிலிருந்து இரத்தம் எடுக்கிறார்கள். சிறிய குழாயில் ஊற்றி உள்ளே கொண்டு போகிறார்கள். கொஞ்ச நேரத்திலோ மறுநாளோ ஒரு தாளில் எண் வருகிறது: 5.8 என்றோ, 9.2 என்றோ. டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மாத்திரை எழுதுகிறார். அந்த எண் எங்கிருந்து வந்தது? மெஷின் சொன்னது என்போம். மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதற்குச் சர்க்கரையைப் பார்க்கும் கண் கிடையாது. நிறத்தைப் பார்க்கும் கண்தான் உண்டு.

இங்கேதான் வினைபொருள் வருகிறது. பல இடங்களில் பயன்படுத்தும் ஒரு முறையைச் சொல்கிறேன். வினைபொருள் நீரில் இரண்டு நொதிகள் இருக்கும். ஒன்றின் பெயர் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். வெங்காயத் தோலில் கருகருவென்று படியுமே ஒரு பூஞ்சை, அந்த இனத்திலிருந்து எடுப்பது. அது இரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பிடித்து உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற பொருள் உண்டாகும். இரண்டாவது நொதி பெராக்சிடேஸ். காரமான ஒரு வெளிநாட்டு முள்ளங்கிக் கிழங்கிலிருந்து கிடைப்பது. இது அந்த ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துக்கொண்டு, நீரில் உள்ள வேறு இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்துச் சிவப்பாக்கிவிடும். சர்க்கரை அதிகமென்றால் சிவப்பு அதிகம். குறைவென்றால் வெளிர் சிவப்பு. மெஷின் அந்தச் சிவப்பை 505 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை வைத்து அளந்து எண்ணாக்கித் தருகிறது. பூஞ்சையும் கிழங்கும் சேர்ந்து நம் இரத்தத்தைப் பற்றிச் சாட்சி சொல்கின்றன என்றால் ஆச்சரியமாக இல்லையா?

ஆனால் பால் மரம் பார்த்தவர்களுக்கு இது அவ்வளவு ஆச்சரியம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இங்கே வந்திருக்கும் பாட்டிமார்களைக் கேளுங்கள். மங்கில் இறங்கும் பால் சீக்கிரம் கட்டியாகாமல் இருக்க அம்மோனியா விடுவார்கள். ஸ்டோருக்குப் போன பிறகு கட்டியாக வேண்டும் என்பதற்காக ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அளவு தவறினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் மெட்ரோலேக் கருவியை மிதக்கவிட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள். இதெல்லாம் வேதியியல்தான். யாரும் நமக்கு அந்தப் பெயரில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூட்டு வீங்கி வலிக்கிறவர்களின் இரத்தத்தைச் சோதிக்க 'லேட்டெக்ஸ்' சோதனை என்று ஒன்று உண்டு. 1956-இல் அமெரிக்காவில் சிங்கர், பிளாட்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது. பால்போல வெள்ளையான நீரில் ஒரு சொட்டு, நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் ஒரு சொட்டு. இரண்டையும் கறுப்பு அட்டையில் கலந்து ஆட்டுவார்கள். நோய்க்கு அடையாளமான பொருள் இருந்தால் அந்த வெள்ளை திரிதிரியாகத் திரளும். அமிலம் விழுந்த பால் மாதிரி. அதில் இருப்பது நம் மரத்துப் பால் அல்ல, பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கின் நுண்ணிய உருண்டைகள். பெயர் மட்டும் பால் மரத்திலிருந்து போனது. அந்தப் பெண் இதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த பாட்டி, "அப்போ அவ செய்யறதும் பால் வேலதானே" என்றார்.

சரி, அவள் காலையில் போய் என்னதான் செய்கிறாள்?

முதலில் கையைக் கழுவி, மேலங்கி, தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் போட வேண்டும். அடுத்துத் தராசு. நம் கடைத் தராசு மாதிரி இல்லை. மூச்சு விட்டால்கூட எண் ஆடும். அதனால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். வேலை தொடங்குமுன் தினமும் அதன் மேல் சரிபார்த்த படிக்கல்லை வைத்து, தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பிறகு உப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்து, தூய்மைப்படுத்திய நீரில் கரைத்து, அமிலத் தன்மை சரியான புள்ளிக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, கடைசியில்தான் நொதியைப் போட வேண்டும். நொதி போட்ட பிறகு வேகமாகக் கலக்கக் கூடாது. நுரை வந்தால் நொதி கெட்டுவிடும். ரசம் நுரைத்ததும் அடுப்பை அணைக்கிற பொறுமை வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்த மூத்த பெண்மணி சொன்னாராம். எனக்குப் பிடித்த விளக்கம் இது.

பின்பு மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து, வெளிச்சம் படாத பழுப்பு நிறப் புட்டிகளில் அடைத்து, முகப்புச் சீட்டு ஒட்டி, 2 முதல் 8 பாகை வரை குளிரில் வைப்பார்கள். சீட்டுகளை எண்ணித்தான் கொடுப்பார்கள். ஒட்டியது எத்தனை, கிழிந்தது எத்தனை, மிச்சம் எத்தனை என்று மாலையில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒரு சீட்டு குறைந்தாலும் தேடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஏனென்றால் அந்த ஒரு சீட்டு வேறு ஏதாவது புட்டியில் ஒட்டியிருந்தால்? ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு லாட் எண் உண்டு. ஒவ்வொரு லாட்டிலும் சில புட்டிகளை விற்காமல் எடுத்து வைத்திருப்பார்கள். பின்னாளில் எங்காவது புகார் வந்தால் அந்தப் புட்டியைத் திறந்து சோதிப்பார்கள். சில புட்டிகளை 37 பாகைச் சூட்டில் வைத்து, எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பார்கள்.

நீர் கெடாமலிருக்கச் சில வினைபொருள்களில் சோடியம் அசைடு என்ற நஞ்சு சிறிதளவு சேர்க்கிறார்கள். அதைச் சும்மா கழுவுதொட்டியில் ஊற்றினால், செம்பு அல்லது ஈயக் குழாயோடு சேர்ந்து நாளடைவில் வெடிக்கும் பொருளாக மாறிவிடக்கூடும். அதனால் கழிவைக் கொட்டுவதற்கும் தனி விதி. இரத்த நீர் கையாளும் இடத்தில் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி போட்டுக் கொண்டுதான் வேலை. பெற்றோர்கள் 'ஆபத்து உண்டா' என்று கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: உண்டு, ஆனால் எதிலே ஆபத்து என்று தெரிந்து செய்கிற வேலை.

மாணவர்களே, உங்களுக்கு இது சலிப்பாக இருக்கிறதா? அவளுக்கும் இருந்ததாம். முதல் மூன்று மாதம் அவளைத் தராசு அருகே விடவே இல்லை. புட்டி கழுவினாள், சீட்டு எண்ணினாள், பக்கத்தில் நின்று பார்த்தாள். வேலை விதிமுறைகள் முழுக்க ஆங்கிலத்தில். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகுமாம். அகராதியை மடியில் வைத்துக் கொண்டு படித்தாளாம். சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அவள் முதல் ஆண்டுச் சம்பளம் அதைவிடக் கூடத்தான், ஆனால் ரொம்பக் கூட இல்லை. அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பையன், எஸ்.பி.எம். முடித்ததும் எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்குப் போனவன், ஓவர்டைமோடு சேர்த்து அவளைவிட அதிகம் எடுத்தான். "இதுக்கா ஆறு வருசம் மேல படிச்சே?" என்று உறவினர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவளுடைய இரண்டாம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அந்தத் தொழிற்சாலையின் பெயர் நமக்கு வேண்டாம்.

மெஷினுக்குக் கணக்குக் கற்றுக் கொடுக்க ஒரு நீர் வேண்டும். 'ஸ்டாண்டர்ட்' என்பார்கள், அளவுநீர். 1 லிட்டரில் சரியாக 1 கிராம் குளுக்கோஸ். நம் கிளினிக் கணக்கில் அது 5.55. இந்த நீரைக் காட்டி, "இதுதான் 5.55, இதை வைத்து மற்றதைச் சொல்" என்று மெஷினிடம் சொல்கிறோம். எவ்வளவு எளிது பாருங்கள். ஒரு கிராம் சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர். ஆனால் குளுக்கோஸுக்கு ஒரு குணம் உண்டு. தூளாக இருக்கும்போது பெரும்பாலும் ஒரே வடிவத்தில் இருக்கும். தண்ணீரில் கரைந்ததும் மெல்ல மெல்ல இரண்டு வடிவங்களாகப் பிரிந்து நிலைக்கு வரும். நான் சொன்னேனே பூஞ்சையின் நொதி, அது அந்த இரண்டில் ஒரு வடிவத்தைத்தான் தொடும். அதனால் புதிதாகக் கரைத்த அளவுநீரை உடனே சோதித்தால் குறைவாகக் காட்டும். இரவு முழுவதும் வைத்துவிட்டு மறுநாள் சோதிக்க வேண்டும். தோசை மாவு ஆட்டிய உடனே தோசை சுட முடியுமா?

ஒரு நாள் மாலை 4 மணிக்கு அவள் அளவுநீர் கரைத்தாள். முந்தின நாளே கரைத்திருக்க வேண்டியது. மூலப்பொருள் வந்து சேரத் தாமதம். 5 மணிக்கு லாரி காத்திருக்கிறது. அவளுக்கு மேலே இருந்தவர் சோதிக்கச் சொன்னார். பத்தில் ஒரு பங்கு குறைவாகக் காட்டியது. "கொஞ்சம் குளுக்கோஸ் சேர்த்துச் சரி பண்ணு. கரைச்ச நேரத்த நேத்துன்னு எழுதிடு" என்றார்.

அவள் எழுதவில்லை. தயாரிப்பு ஏட்டில் கரைத்த நேரம் 4.10, சோதித்த நேரம் 5.00 என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஏடு தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போனது. அவர்கள் நேரத்தைப் பார்த்ததும் லாட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள். லாரி வெறுமனே திரும்பியது. மேலே இருந்தவர் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிரவு விடுதியில் படுத்துக் கொண்டு, வேலை போய்விட்டால் படிப்புக் கடனை எப்படிக் கட்டுவது என்று கணக்குப் போட்டாளாம்.

மறுநாள் காலை அதே புட்டியை, எதையும் சேர்க்காமல், மறுபடி சோதித்தார்கள். 5.55-க்கு வந்து நின்றது.

குளுக்கோஸைச் சேர்த்திருந்தால்? அளவுநீர் பத்தில் ஒரு பங்கு கெட்டியாக இருந்திருக்கும். புட்டியில் மட்டும் 5.55 என்று அச்சடித்திருக்கும். மெஷின் அதை நம்பும். வெறும் வயிற்றில் 7.5 இருக்கும் ஒருவருக்கு 6.8 என்று காட்டும். வெறும் வயிற்றுச் சோதனையில் 7.0 வந்தால்தான் இனிப்புநீர் என்று எடுத்துக் கொள்கிறார்கள். அவர் 6.8 தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லையாம்" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, கெட்டிப் பால் ஊற்றித் தேநீர் குடிப்பார். எத்தனை கிளினிக்குகளுக்கு அந்த லாட் போயிருக்கும், அதில் நம் தோட்டத்து கிளினிக்கும் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. காலில் புண் வந்து விரலை எடுத்தவர்கள் நம் லயத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கேட்ட அவள் அப்பா முதலில் கோபப்பட்டார். "வேல போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றார். பாட்டிதான் பேசினார். அந்தக் காலத்தில் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி ஏட்டில் எழுதும்போது இவர் எட்டிப் பார்த்துக் கொண்டே இருப்பாராம். படிக்கத் தெரியாது. ஆனால் எண்களின் உருவம் தெரியும். தராசு காட்டிய எண்ணின் உருவமும் ஏட்டில் விழுந்த எண்ணின் உருவமும் ஒன்றா என்று பார்ப்பாராம். "தராசு ஒண்ணு சொல்லி, ஏடு ஒண்ணு சொன்னா வயித்துல அடிக்கிற மாதிரி இருக்கும். எம் பேத்தி அந்த ஏட்ட எழுதறா" என்றார். அப்பா மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

நம் நாட்டில் இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டம் என்று ஒன்று. ஊசி, கட்டில் மட்டுமல்ல, இந்தச் சோதனை நீர்களும் அதில் அடங்கும். கோவிட் காலத்தில் வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனைப் பெட்டிகளுக்கு 2021 ஜூலையில் முதன்முதலாக நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் ஆணையம்தான். அந்தச் சின்ன அட்டையில் தெரியும் சிவப்புக் கோடு எதனால் ஆனது தெரியுமா மாணவர்களே? பலவற்றில் அது தங்கம்! உண்மையான தங்கம்தான், கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக்கினால் தங்கம் மஞ்சளாக இராது, சிவப்பாகிவிடும். யாரும் வீட்டில் உள்ள அட்டைகளைச் சேர்த்து உருக்கப் போய்விடாதீர்கள், காப்பு செய்ய ஆகாது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக ஒரு வரலாறு. முன்பெல்லாம் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, பெனடிக்ட் கரைசல் என்ற நீல நீரில் சிறுநீரைச் சொட்டிக் கொதிக்க வைப்பார்கள். செங்கல் நிறமானால் சர்க்கரை. 1956-இல் 'கிளினிஸ்டிக்ஸ்' என்ற காகிதப் பட்டை வந்தது. நனைத்து எடுத்துப் பார்த்தால் போதும், கொதிக்க வைக்கத் தேவையில்லை. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஹெலன் ஃப்ரீ என்ற அமெரிக்கப் பெண்மணி. அவர் பள்ளி ஆசிரியையாக ஆசைப்பட்டவர். 1941-இல் அமெரிக்கா போரில் இறங்கி ஆண்கள் படைக்குப் போகத் தொடங்கியதும், பெண்கள் அறிவியல் படிக்கட்டும் என்று விடுதிக் காப்பாளர் சொல்ல, வேதியியலுக்கு மாறினார். 1944-இல் மைல்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை என்ன? வைட்டமின் மாத்திரைகளைச் சோதிக்கும் தரக் கட்டுப்பாட்டு வேலை. நம் பெண் செய்வது போன்ற முதல் படி வேலைதான். அதே நிறுவனத்தின் விஞ்ஞானி ஆல்ஃபிரட் ஃப்ரீயை மணந்து, ஆறு பிள்ளைகளை வளர்த்து, 1978-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு முதுகலைப் பட்டம் வாங்கினார். 1993-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவரானார். 2021-இல் 98-ஆம் வயதில் காலமானார்.

இந்த வேலைக்குப் போக வழி என்ன என்று கேட்பீர்கள். இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது வேதியியலையும் கணக்கையும் எடுக்க வேண்டும். அங்கே விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம். எஸ்.பி.எம்.-க்குப் பிறகு எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், பின்பு பல்கலைக்கழகத்தில் மூன்று நான்கு ஆண்டு. அவ்வளவு படிக்க முடியாதவர்கள் டிப்ளோமா படித்து ஆய்வுக்கூட உதவியாளராகச் சேரலாம். பி.டி.பி.டி.என். கடன் உண்டு, கடன் என்பதை மறக்க வேண்டாம், திருப்பிக் கட்ட வேண்டும். பட்டம் பெற்றவர்கள், 1975-ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டத்தின்படி, இன்ஸ்டிட்யூட் கிமியா மலேசியாவில் உறுப்பினராகப் பதிந்து கொள்கிறார்கள். வேலை பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கு, பினாங்கு பக்கம். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று யோசிப்பீர்கள். யோசியுங்கள். ஆனால் நான்காம் படிவத்திலேயே யோசித்து, "கெமிஸ்ட்ரி வேண்டாம், அது டாக்டராகிறவங்களுக்கு" என்று கதவைச் சாத்திவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக் கொள்கிறேன். போன மாதம்கூட ஒரு தந்தை என்னிடம், "சார், இவ டாக்டராவாளா? ஆகாட்டி எதுக்கு அந்தப் பாடம்?" என்று கேட்டார். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று காட்டத்தான் இன்று இவ்வளவு நேரம் எடுத்துக் கொண்டேன்.

2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும், 2022-இல் பி.டி.3 தேர்வும் நீக்கப்பட்டுவிட்டன. எத்தனை 'ஏ' என்று கேட்டுப் பிள்ளையை எடைபோட வழியில்லை. அதனால் பிள்ளைகளின் அறிவியல் நோட்டைத் திறந்து பாருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பாட்டி பார்த்த மாதிரி பாருங்கள். இந்த ஆண்டு முதல் ஐந்தாம், ஆறாம் ஆண்டு அறிவியல் நோட்டில் வெள்ளை மையும் அழிப்பானும் கிடையாது. அந்தத் தொழிற்சாலையில் செய்கிற மாதிரியே, தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், கையெழுத்துச் சுருக்கம், தேதி. நோட்டில் கோடுகள் இருக்கிறதே என்று வீட்டில் அடிக்காதீர்கள்.

போகும் முன் ஒரு சின்ன உதவி, இனிப்புநீர்க்காரர்களுக்கு. வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பட்டையின் நுனியிலும் நொதிதான் காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஈரக் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். டப்பாவின் மூடியைத் திறந்தபடி சாமி மேடையிலோ அடுப்பங்கரையிலோ வைக்காதீர்கள். தேதி முடிந்த பட்டையை 'காசு போட்டு வாங்கினதாச்சே' என்று பயன்படுத்தாதீர்கள். குத்துவதற்கு முன் கையைக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் உரித்த விரலில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும்.

மேடைக்கு வலப்பக்கம் மேசையில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் மூன்று கண்ணாடிக் குவளைகள் வைத்திருக்கிறார்கள். மூன்றிலும் சங்குப்பூ ஊறவைத்த நீல நீர். ஒன்றில் எலுமிச்சைச் சாறு சொட்டினால் ஊதாவாகி இளஞ்சிவப்பாகும். ஒன்றில் சமையல் சோடா போட்டால் பச்சை கலந்துவிடும். ஒன்று அப்படியே நீலமாக இருக்கும். அது ஒப்பிட்டுப் பார்க்க. எத்தனை சொட்டுக்கு எந்த நிறம் என்று எழுத அங்கே ஒரு ஏடும் பேனாவும் இருக்கிறது. பென்சில் வைக்கவில்லை. பரிசு வாங்கிய பிள்ளைகளும் வாங்காத பிள்ளைகளும் வரிசையாக வாருங்கள். சொட்டை எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மீகூன் சாப்பிடப் போக வேண்டும். பெற்றோர்களும் வரலாம்.